நூற்று இருபத்தேழு ஒன்றுகள்

சற்று நீண்ட பதிவு. கணிதத் துறையைச் சாராத நண்பர்களும் வாசிக்கக்கூடியதாகவே எழுத முயன்றிருக்கிறேன். பெருக்கலும் மீதி காணலும் தெரிந்திருந்தால் போதும். ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானித்துப் படிக்க வேண்டியிருக்கும். அவ்விடம் வரும்போது சொல்கிறேன்.

170141183460469231731687303715884105727.

முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட இவ்வெண் ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது. 127 இரண்டுகளைப் பெருக்கி, வந்த விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். சுருக்கமாக 2¹²⁷ − 1. இரும எண்முறையில் எழுதினால் 127 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், இடையில் ஒரு சுழியம்கூட இராது. 1876ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கணிதர் எடுவார் லூக்கா இதனைப் பகா எண் என நிறுவினார். எந்திரத் துணையேதுமின்றிக் கைக்கணக்காகவே நிறுவப்பட்ட பகா எண்களுள் இதனினும் பெரியது வேறில்லை. அடுத்த 75 ஆண்டுகள், அதாவது 1951 வரை, மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணும் இதுவே.

இதனை ஒரு தாளில் எழுதி என் மேசைக்கு எதிரேயுள்ள சுவரில் ஒட்டி ஆறு மாதங்களாகின்றன. என் ஆய்வுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் ஒரு சொல்லை எழுதலாமா கூடாதா என்ற வழக்கில் இவ்வெண்ணையே நான் சாட்சிக்கு அழைக்க வேண்டியதாயிற்று.

என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் வேறோர் எண்ணின் மேல் நிற்கிறது. அதற்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள்; சுவரில் உள்ளதைப் போன்ற அழகிய உருவம் அதற்கில்லை. அது பகா எண்ணாயின் அவ்வத்தியாயத்தின் தேற்றம் அதற்குப் பொருந்தும்; இல்லையேல் அதன் மேல் எழுப்பிய எடுத்துக்காட்டு முழுவதும் சரிந்துவிடும். மில்லர், ராபின் ஆகியோரின் பெயரால் வழங்கும் சோதனையை, தற்செயலாகத் தேர்ந்த 64 அடிமானங்களைக் கொண்டு அதன்மீது செலுத்தினேன். 64 முறையும் தேறியது. பகு எண் ஒன்று தற்செயலான ஓர் அடிமானத்தில் இச்சோதனையை ஏமாற்றும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மிகாது என்பது நிறுவப்பட்ட உண்மை. எனவே 64 முறையும் தொடர்ந்து ஏமாற்றும் வாய்ப்பு, 2¹²⁸-இல் ஒன்று என்ற அளவுக்கு மிகாது.

இப்போது வரைவில் எப்படி எழுதுவது? "பகா எண்" என்றா, "பகா எண்ணாக இருக்கக்கூடியது" என்றா?

கணினியியல் துறையில் ஆய்வு செய்யும் நண்பர் சிரித்தார். "உங்கள் கணினியின் நினைவகத்தில் ஒரு பிட் தானாகவே புரண்டுபோகும் வாய்ப்பு இதைவிடப் பல கோடி மடங்கு பெரிது. எந்த இயற்பியலாளராவது இவ்வளவு உறுதி கிடைத்தபின் 'இருக்கக்கூடியது' என்று எழுதுவாரா? அடைமொழியை நீக்கிவிட்டு ஆய்வேட்டைச் சமர்ப்பியுங்கள்" என்றார். உதவித்தொகை முடிய மூன்று மாதங்களே இருந்த நேரம் அது. முறையான நிரூபணத்துக்குக் கணினியை ஓடவிட்டால் எத்தனை நாள் பிடிக்கும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. நெறியாளரிடம் கேட்டேன். "ஆய்வேடு உங்களுடையது, அதிலுள்ள சொல்லும் உங்களுடையது" என்று கூறி வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவருடைய வழக்கம் அது.

நண்பரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அதனாலேயே இப்பதிவு.

சோதனையில் தேறுவது வேறு, பகா எண்ணாக இருப்பது வேறு என்பதற்குச் சுவரில் உள்ள எண்ணின் குடும்பமே நல்ல சான்று. ப என்பது பகா எண்ணாயின், 2-ஐ (ப − 1) அடுக்குக்கு உயர்த்தி ப-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பது பெர்மாவின் தேற்றம் (ப = 2 மட்டும் விலக்கு). மறுதலை உண்மையன்று: 341-உம் இதில் தேறிவிடும், ஆனால் அது 11 × 31. இந்த அளவுக்குப் பலரும் அறிவர். 2-இன் அடுக்கிலிருந்து 1 குறைந்த எண்களில் நிலைமை இன்னும் மோசம். அடுக்கு ஒரு பகா எண்ணாக இருந்துவிட்டால் அவை அனைத்தும் இச்சோதனையில் தேறிவிடும், ஒன்றுகூடத் தவறாது. 2¹¹ − 1 = 2047 தேறும்; அதுவோ 23 × 89. அதாவது இக்குடும்பத்தைப் பொறுத்தவரை 2 என்ற சாட்சி எல்லாரைப் பற்றியும் ஒரே நற்சான்றைத்தான் சொல்கிறார். தற்செயலான அடிமானங்களுக்கு இக்குறை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும் நூறு சாட்சிகள் ஒரே குரலில் பேசும்போது, அவர்கள் வேறுவிதமாகப் பேசக்கூடியவர்கள்தாமா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி தம் நூலொன்றில் ஒரு பட்டியல் தந்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்கு மட்டுமே இவ்வகை எண் பகா எண்ணாகும் என்பது அவர் கூற்று. 67-உம் 257-உம் பிழை. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டுப் போயின. 127 சரி. ஆகவே 1644 முதல் 1876 வரை 2¹²⁷ − 1 பகா எண் என்ற சரியான கூற்று அச்சில் இருந்தது. ஆனால் அதை அறிந்தவர் எவருமில்லை. அதே வரியில் அதே உறுதியோடு 67-உம் நின்றதல்லவா? பட்டியலைப் பார்ப்பவருக்கு இரண்டையும் வேறுபடுத்த வழியே இல்லை. உண்மையான கூற்றும் அறிவும் ஒன்றல்ல என்று மெய்யியல் வகுப்பில் நீண்ட நேரம் விளக்குவார்கள். இந்த ஒரு வரி போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வகுத்துப் பார்த்தே அறிந்துகொள்ளலாமே என்றால், கணக்கு இப்படி. இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி ஏதேனும் இருந்தால் அது 254-இன் மடங்கை விட 1 கூடுதலாக இருக்க வேண்டும். 8-ஆல் வகுக்கையில் 1 அல்லது 7 மீதி தர வேண்டும். இவ்விரு சல்லடைகளில் சலித்த பின்னும், வர்க்கமூலம் வரையில் ஏறத்தாழ 260 கோடிக் கோடி, அதாவது 10-இன் 16ஆம் அடுக்கைத் தாண்டிய எண்ணிக்கையில் வகுத்திகள் எஞ்சும். நொடிக்கு ஒன்றாகச் சோதித்தால் சுமார் 80 கோடி ஆண்டுகள் பிடிக்கும். லூக்கா அவ்வழியில் செல்லவில்லை.

அவர் கண்ட முறையை, 1930-இல் டி. எச். லேமர் செம்மைப்படுத்திய வடிவில் சொல்கிறேன். 4-இல் தொடங்குக. வர்க்கித்து 2-ஐக் கழிக்க. வந்ததைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. இதையே திரும்பத் திரும்பச் செய்க. அடுக்கை விட 2 குறைவான முறைகள் செய்த பின் சுழியம் வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண். 2⁷ − 1 = 127-க்குச் செய்து பார்க்கலாம். 4 முதலில் 14 ஆகும். 14-இன் வர்க்கம் 196. 2 போக 194. 127-ஆல் வகுத்த மீதி 67. அடுத்து 42. அடுத்து 111. 111-இன் வர்க்கத்தில் 2 குறைத்தால் 12319. அது சரியாக 127 × 97. மீதி சுழியம். ஐந்தே படிகள். சுவரில் உள்ள எண்ணுக்கு 125 படிகள்.

லூக்கா 1876-இல் எடுத்துக்கொண்ட தொடக்கம் வேறு. பிபனாச்சித் தொடரின் வகுபடுதன்மையை ஆராய்ந்தே அவர் இம்முடிவுக்கு வந்தார். அத்தொடருக்கு அப்பெயரை நிலைபெறச் செய்தவரும் அவரே. பிபனாச்சிக்கு முன்பே விரகாங்கரும் ஹேமசந்திரரும் யாப்பின் மாத்திரைக் கணக்கில் அதே எண்களைக் கண்டிருந்தார்கள் என்பது தனிக் கதை.

நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். சுழியம் வந்தால் ஏன் அது பகா எண்ணாக வேண்டும்?

ஒரு முழு எண்ணோடு √3-இன் மடங்கொன்றைக் கூட்டிய எண்களின் உலகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் 1 என்ற இடத்தில் நின்றுகொண்டு, ஒவ்வோர் அடிக்கும் 2 + √3 என்ற எண்ணால் பெருக்கியபடி நடக்கிறோம். மீதிகளை மட்டும் வைத்துக்கொள்வதால் இடங்கள் எண்ணத்தக்கவை. ஆகவே என்றேனும் ஒருநாள் 1-க்கே திரும்பிவிடுவோம். 125ஆம் படியில் சுழியம் வந்தது என்பதன் பொருள், இந்நடை தொடங்கிய இடத்துக்குத் திரும்பச் சரியாக 2¹²⁷ அடிகள் ஆகும், அதற்கு முன் ஓரிடத்தையும் இருமுறை மிதிக்காது என்பதே. நம் எண்ணுக்குப் பகாக் காரணி ஏதேனும் இருந்தால், அக்காரணியால் வகுத்த மீதிகளின் உலகிலும் இதே நடை இதே நீளத்தில் அமைந்தாக வேண்டும். ஆனால் நம் எண் பகு எண்ணாயின் அதன் பகாக் காரணிகளுள் ஒன்றேனும் வர்க்கமூலத்தை மிஞ்சாது. அவ்வளவு சிறிய காரணியின் உலகில் உள்ள மொத்த இடங்களே அக்காரணியின் வர்க்கத்துக்கு உட்பட்டவை. அதாவது நம் எண்ணுக்கும் குறைவு. நடையோ 2¹²⁷ வெவ்வேறு இடங்களைக் கேட்கிறது. அது நம் எண்ணை விட ஒன்று கூடுதல். இடம் போதாது. எனவே அப்படியொரு காரணி இல்லை.

அவ்வளவுதான் நிரூபணம். ஒரு வகுத்தியையும் தொட்டுப் பார்க்காமல், எல்லா வகுத்திகளையும் ஒரே வாக்கியத்தில் வெளியேற்றிவிடுகிறது. இது இவ்வளவு எளிதாக அமையக் காரணம், நம் எண்ணோடு 1-ஐக் கூட்டினால் 2-ஐத் தவிர வேறு காரணியே இல்லாத 2¹²⁷ வருவதுதான். 1-ஐக் கழித்தால் வருவதோ 3, 7, 19, 43, 73, 127, 337 என நீண்டு 77158673929 வரை செல்லும் பகாக் காரணிகளின் கூட்டம். ஒரே எண்ணின் இருபுறமும் இப்படி இரு வேறு அண்டை வீட்டார்.

கைக்கணக்கைச் சாத்தியமாக்கியதும் அதே இரும உருவம். இவ்வெண்ணால் வகுக்கையில் 2¹²⁷-இன் மீதி 1. ஆகவே மீதி காண வகுத்தலே தேவையில்லை: 127 இடங்களுக்கு மேல் நீளும் பகுதியை வெட்டி எடுத்துக் கீழ்ப்பகுதியோடு கூட்டினால் போதும். ஓர் எண்ணை இரட்டிப்பது என்பது அதன் 127 இரும இலக்கங்களை வட்டமாக ஓரிடம் சுழற்றுவதே. லூக்கா இக்கணக்கை, பக்கத்துக்கு 127 கட்டங்கள் கொண்ட சதுரங்கப் பலகையில் காய்களை வைத்தும் எடுத்தும் ஆடும் ஆட்டமாகவே விவரித்தார். இதே வெட்டிக்கூட்டும் வசதிக்காக இன்றைய மறையீட்டியலிலும் இவ்வகை எண்களை விரும்பித் தேர்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பண்பு ஒன்றுண்டு. இவ்வெண்ணின் மீதிகளின் உலகில் 2-க்கு வர்க்கமூலம் இருக்கிறது. அதுவும் ஒரு முழு எண்ணாகவே இருக்கிறது. 2⁶⁴-ஐ வர்க்கித்தால் 2¹²⁸. அது 2¹²⁷-இன் இரு மடங்கு. 2¹²⁷-இன் மீதி 1 என்பதால் விடை 2. ஆகவே √2 என்பது இங்கே 18446744073709551616. சதுரங்கக் கட்டங்களில் தானியத்தை இரட்டித்துக்கொண்டே போன கதையில் வரும் மொத்தத் தானியங்களை விட இது சரியாக ஒன்று கூடுதல். √3-க்கு இவ்வுலகில் முழு எண் வடிவம் இல்லை. மேலே √3-ஐ வெளியிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது அதனால்தான். அது உள்ளேயே இருந்திருந்தால் அந்நடை அவ்வளவு நீண்டிராது.

2⁶⁴ என்றதும் நான் வசிக்கும் ஊரைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1883-இல் லூக்கா ஒரு விளையாட்டுப் பொருளை வெளியிட்டார்: மூன்று தண்டுகள், அளவில் குறைந்துகொண்டே போகும் வட்டத் தகடுகள், பெரியது சிறியதன் மேல் அமரக்கூடாது என்ற விதி. ஹனோய் கோபுரம் என்று கணினியியல் மாணவர் அனைவரும் முதலாண்டிலேயே எதிர்கொள்வது அதுவே. அதனோடு ஒரு கதையும் பரவியது: காசியில் ஒரு கோயிலில் 64 பொற்றகடுகள் இருக்கின்றனவாம், பூசாரிகள் இரவு பகலாக அவற்றை நகர்த்துகிறார்களாம், கடைசித் தகடு நகர்ந்ததும் உலகம் முடியுமாம். காசியில் நான் ஐந்தாண்டுகளாக இருக்கிறேன். வருகிற கணித நண்பர்களில் பாதிப் பேராவது அந்தக் கோயில் எங்கே என்று வேடிக்கையாகக் கேட்காமல் போவதில்லை. 64 தகடுகளுக்கு 2⁶⁴ − 1 நகர்வுகள் வேண்டும். நொடிக்கொன்றாக நகர்த்தினால் 58,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அந்நகர்வுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் நம் √2. தகடுகள் 64-க்குப் பதில் 127 இருந்திருந்தால் நகர்வுகளின் எண்ணிக்கை சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணேதான். தாம் 1876-இல் வென்ற எண்ணை லூக்கா ஏழாண்டுகள் கழித்துப் பொம்மைக்குள் ஒளித்துவைத்தாரோ என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றும். சான்றேதும் இல்லாத ஊகம், ஊகமாகவே இருக்கட்டும்.

நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "லூக்கா மனிதர்தாமே? முப்பத்தொன்பது இலக்க எண்களை நூற்றுக்கு மேற்பட்ட முறை கையால் வர்க்கிக்கும் ஒருவர் எங்கும் பிழை செய்யாதிருக்கும் வாய்ப்பு என்ன? உங்கள் 64 சோதனைகள் அதைவிடப் பாதுகாப்பானவை. அவருடையதை நிரூபணம் என்கிறீர்கள், உங்களுடையதை ஊகம் என்கிறீர்கள்."

இதைக் குறித்து இரண்டு நாட்கள் யோசித்தேன். முதலில் தோன்றியது இது. இடையில் எங்கேனும் பிழை நேர்ந்திருந்தால் இறுதியில் சுழியம் வந்திராது; ஏதோ ஒரு முப்பத்தொன்பது இலக்க மீதி வந்திருக்கும். பிழையான பாதையில் போனவர் தற்செயலாகச் சுழியத்தில் வந்து விழும் வாய்ப்பு, தோராயமாகச் சொன்னால், 2¹²⁷-இல் ஒன்று. ஆக, சுழியம் தன் பாதைக்குத் தானே சான்று சொல்கிறது. இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். அதே 1876-இல் லூக்கா 2⁶⁷ − 1 பகு எண் என்றும் கண்டறிந்தார். அங்கே வந்தது சுழியமல்லாத மீதி; அது கணக்குப் பிழையாலும் வந்திருக்கலாம். காரணி எதையும் அவர் காட்டவில்லை. அம்முறையால் காட்டவும் இயலாது. அதனால்தான் 1903-இல் பிராங்க் நெல்சன் கோல், அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் 193707721 × 761838257287 என்று கரும்பலகையில் பெருக்கிக் காட்டியது அவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டது. உரையில் ஒரு சொல்லும் பேசாமல் பெருக்கிவிட்டு அமர்ந்தார் என்று கதை சொல்வார்கள். கதை சற்று மெருகேற்றப்பட்டிருக்கலாம், பெருக்கல் சரியானது.

ஆனால் நண்பர் விடவில்லை. "பார்த்தீர்களா, நீங்களும் 2¹²⁷-இல் ஒன்று என்கிறீர்கள். என் எண்ணும் உங்கள் எண்ணும் ஏறத்தாழ ஒன்றுதானே?"

ஒன்றல்ல என்பதே என் விடை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். லூக்காவின் தேற்றத்தில் வாய்ப்பு என்ற சொல்லே இல்லை. சுழியம் வந்தால் பகா எண். ஐயம் முழுவதும் அதைச் செய்த கையில் இருக்கிறது, கூற்றில் இல்லை. கையில் உள்ள ஐயத்தை இன்னொரு கை போக்கலாம். இன்று என் மடிக்கணினி அந்த 125 படிகளையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் செய்து சுழியத்தைக் காட்டுகிறது. வேண்டுமானால் ஆயிரம் பேர் ஆயிரம் எந்திரங்களில் செய்து பார்க்கலாம். என் 64 சோதனைகளோ அப்படியல்ல. எந்திரம் ஒரு பிட்டும் தவறாமல் நடந்துகொண்டது என்று வைத்துக்கொண்டாலும், ஆயிரம் பேர் அதே 64 அடிமானங்களைக் கொண்டு திரும்பச் செய்து அதே விடையைப் பெற்றாலும், மிச்சமிருக்கும் ஐயம் அணுவளவும் குறையாது. அது கூற்றுக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு சிறியது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே இருக்கிறது என்பதில்தான்.

இது வெறும் ஆய்வு மாணவனின் பிடிவாதமன்று. 2024 அக்டோபரில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண், 4,10,24,320 இலக்கங்களுடன், அதுவரை அறிந்தவற்றுள் மிகப் பெரிய பகா எண்ணாக அறிவிக்கப்பட்டது. முதலில் அது நிகழ்தகவுச் சோதனையில்தான் அகப்பட்டது. அத்துடன் அறிவித்துவிடவில்லை, லூக்கா, லேமர் சோதனையை வெவ்வேறு எந்திரங்களில் செய்து சுழியத்தைக் கண்ட பிறகே உலகுக்குச் சொன்னார்கள்.

என் எண்ணுக்கு லூக்காவின் வழி உதவாது. ஒன்றைக் கூட்டினாலும் கழித்தாலும் அதன் அண்டை எண்கள் எளிதில் காரணிகளாகப் பிரிவதில்லை. எவ்வடிவ எண்ணுக்கும் செல்லுபடியாகும் உறுதியான, விரைவான சோதனை ஒன்று உண்டென்பதை 2002-இல் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் நிறுவினார்கள். இங்கிருந்து ரயிலில் சில மணி நேரப் பயணத்தில் உள்ள கான்பூர் ஐ.ஐ.டி.யில். அவர்களுள் பின்னிருவரும் அப்போதுதான் இளநிலைப் பட்டம் முடித்திருந்த மாணவர்கள். கொள்கையளவில் மாபெரும் முடிவு அது. நடைமுறையில் என் அளவு எண்களுக்கு நீள்வட்ட வளைவரைகளைக் கொண்ட முறையே கைகொடுக்கிறது. அது ஒரு சான்றிதழைத் தரும்: பெரிய எண் பகா எண் என்பது சற்றுச் சிறிய எண்ணைப் பொறுத்தது, அது இன்னும் சிறியதைப் பொறுத்தது என்று படிப்படியாக இறங்கிக் கையாலேயே சரிபார்க்கத்தக்க சிற்றெண்ணில் முடியும் ஒரு சங்கிலி.

வரைவில் "பகா எண்ணாக இருக்கக்கூடியது" என்றே எழுதிவிட்டு, ஆய்வகத்தின் மூலையில் இருந்த பழைய கணினியில் அந்நிரலை ஓடவிட்டேன். 23 நாட்கள் ஓடியது. மூன்று முறை மின்சாரம் போனது. நிரல் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி அமைந்திருந்ததால் தப்பித்தது. கிடைத்த சான்றிதழை வேறொருவர் எழுதிய வேறு நிரலிடம் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் சரிபார்த்து முடித்தது. உருவாக்க 23 நாட்கள், சரிபார்க்க ஒரு மணி நேரம். அன்று மாலை நான்காம் அத்தியாயத்தில் பதினோரு இடங்களில் அடைமொழியை நீக்கினேன். நண்பர் தேநீர் வாங்கிக்கொடுத்தார். ஆனால் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "23 நாட்களுக்கு முன்பும் அது பகா எண்தானே" என்றார். அதுவும் உண்மைதான்.

சுவரில் உள்ள தாளை இன்னும் எடுக்கவில்லை. அதற்கு வேறொரு காரணம் உண்டு. 2-இலிருந்து தொடங்கி, முந்தைய எண்ணை அடுக்காக்கி ஒன்று கழித்துக்கொண்டே போனால் 2, 3, 7, 127 என வரும்; ஐந்தாவதாக வருவது நம் 2¹²⁷ − 1. ஐந்தும் பகா எண்கள். லூக்காவின் முடிவு வெளிவந்த அதே ஆண்டில் கத்தலான் என்ற கணிதர் இச்சங்கிலியைச் சுட்டிக்காட்டினார். ஆறாவது எண்ணில் லூக்காவின் முறை முற்றிலும் செயலற்றுப் போகிறது. அவ்வெண்ணின் இலக்கங்களின் எண்ணிக்கையே 10-இன் 37ஆம் அடுக்கைப் போல் ஐந்து மடங்கு. எழுதிவைக்க இவ்வுலகில் நினைவகம் கிடையாது. இங்கே நிகழ்தகவுச் சோதனைக்கும் வழியில்லை, நிரூபணத்துக்கும் வழியில்லை. செய்யக்கூடியது ஒன்றே: காரணியைத் தேடுவது. க என்ற ஏதேனுமோர் எண்ணுக்கு, சுவரில் உள்ள எண்ணின் 2க மடங்கோடு 1-ஐக் கூட்டினால் வருவது மட்டுமே பகாக் காரணியாக முடியும்; அதுவும் 8-ஆல் வகுக்கையில் 1 அல்லது 7 மீதி தந்தால் மட்டும். இதுவரை தேடியவர்கள் எவருக்கும் காரணி அகப்படவில்லை.

நேற்று மாலை தாளும் பென்சிலுமாக நானும் சற்று நேரம் தேடினேன். க = 1 எனில் வருவது 2¹²⁸ − 1; அது 3-ஆல் வகுபடும். 2, 3 இரண்டும் எட்டின் மீதியிலேயே விழுந்தன. 4 மீண்டும் 3-ஆல் வகுபட்டது. 5 சற்றுத் தாக்குப்பிடித்தது. 29 அதை வீழ்த்தியது. 6, 7 எட்டின் மீதி. 8-இல் 47 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்தேன், எதுவும் வகுக்கவில்லை. விடுதி உணவகம் மூடும் நேரமாகிவிட்டதால் அங்கே நிறுத்தினேன்.